காருக்கும் ஒரு முழுக்கு

செத்தவீட்டுக்குப் போய் வந்தால் தலை முழுகாமல் எதையும் தொடக்கூடாது. இதை யாரும் எனக்கு உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. எங்கள் சனத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் செத்தவீட்டுக்குப் போய் வந்த காரும் முழுக வேண்டும் என்பது எங்கள் வீட்டில் மட்டும் உள்ள சட்டம். போட்டவர் இவர். இவர் என்றால் என் வீட்டுக்காரர்.

இங்கே ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் நாங்கள் முதல் கார் வாங்கிய குளிர்காலத்தில் அது தொடங்கியது. டோர்ட்முண்டில் ஒரு செத்தவீடு. முடிந்து வரும்போது இவர் வீட்டுக்குத் திரும்புகிற சந்தியை விட்டுவிட்டு, காரை நேரே கார் கழுவும் இடத்துக்குக் கொண்டுபோனார். எனக்குக் கால் இரண்டும் விறைத்துப்போய், எப்போது வீட்டுக்குப் போய்ச் சுடுதண்ணீரில் முழுகலாம் என்று இருந்தது.

“என்னப்பா, இஞ்ச ஏன் வாறியள்?” என்று கேட்டேன்.

“செத்தவீட்டுக்குப் போன கார். கழுவாமல் எப்பிடி வாசலிலை கொண்டுபோய் விடுறது?”

“காருக்கும் துடக்கோ?”

“அந்த உடுப்போட நாங்கள் இதுக்குள்ளதானே இருந்து வந்தனாங்கள்?” என்றார்.

நியாயம் போலத்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு அன்றைக்கே சந்தேகம். துடக்கு என்கிற தீட்டை விட இவருக்குப் பெரிய பயம் உப்பு. இங்கே குளிர்காலத்தில் றோட்டு வழுக்காமல் இருக்க உப்பை அள்ளிக் கொட்டுவார்கள். அது பனிச்சேற்றோடு கரைந்து காரின் வயிற்றுப் பக்கம் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்வார்கள். எங்கள் நகரசபை போட்ட உப்பை எங்கள் முதல் காரின் அடித்தகடு உள்ளளவும் நினைத்து, கடைசியில் துருப்பிடித்து ஓட்டையாகித்தான் போனது. அதற்குப் பிறகு இவர் நவம்பரில் இருந்து மார்ச் வரை ஒவ்வொரு வெள்ளியும் காரைக் கழுவக் கொண்டுபோவார். இடையில் செத்தவீடு வந்தால் அதற்கு வேறு. குளிர்காலத்தில் செத்தவீடுகளும் அதிகம். எங்கள் தெருவிலேயே அதிகம் முழுகிய கார் எங்களுடையதுதான்.

அந்த இடத்துக்கு ஜெர்மன்காரர் வைத்திருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால் ‘கழுவும் தெரு’ என்றுதான் வரும். தெரு அல்ல, நீளமான ஒரு கொட்டகை. ஒரு வாசலால் கார் உள்ளே போகும், மறு வாசலால் வெளியே வரும். நிலத்தில் ஒரு பட்டை ஓடிக்கொண்டிருக்கும். இடப்பக்கச் சில்லை அதில் ஏற்றிவிட்டால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். வாசலில் பெரிய பலகை ஒன்று: கியரை நியூட்ரலில் விடு, ஸ்டியரிங்கில் கை வைக்காதே, பிரேக்கில் கால் வைக்காதே. உள்ளே போனதும் நுரை விழும், பெரிய தூரிகைகள் வந்து இரண்டு பக்கமும் அடிக்கும், கடைசியில் சூடான காற்று ஊதும். நாலு நிமிடம். எனக்கு அது அறவே பிடிக்காது. கண்ணாடி எல்லாம் நுரை மூடி இருட்டாகும்போது கந்தசஷ்டி விரதத்தில் கூடக் கூப்பிடாத அளவுக்கு முருகனைக் கூப்பிடுவேன். இவர் பக்கத்தில் இருந்து சிரிப்பார்.

வாசலில் மஞ்சள் மழைக்கோட்டோடு ஒருவர் நிற்பார். கார் உள்ளே போகுமுன் குழாயால் தண்ணீரைப் பீச்சி அடித்து, பெரிய அழுக்கையும் உப்பையும் கழற்றிவிடுவது அவருடைய வேலை. துருக்கிக்காரர். எங்களைப் போலவே இந்த ஊரில் நரைத்தவர். இவரை ‘ஷெஃப்’ என்று கூப்பிடுவார், முதலாளி என்று அர்த்தம். நீங்கள் ஏன் சில நாட்களில் வெள்ளை உடுப்போடு வருகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டார். இவர் செத்தவீட்டுக் கதையைச் சொன்னார். அந்த மனிதர் சிரிக்கவில்லை. எங்களிடமும் செத்தவரைக் கழுவித்தான் அடக்குவோம் என்றார். அன்றில் இருந்து இவர் வெள்ளைச் சேட்டோடு போனால் குழாயை நிறுத்தி, நெஞ்சில் கை வைத்து, ‘ஆழ்ந்த அனுதாபம்’ என்று ஜெர்மனில் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். ஒரு தைப்பூசத்துக்கு வேட்டியோடு கோயிலுக்குப் போகிற வழியில் கழுவப் போனோம். அதற்கும் அனுதாபம் சொன்னார். கோயில் வாசல் வரைக்கும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

கழுவி முடிந்ததும் இவருக்கு இன்னொரு வேலை உண்டு. கதவு ஓரத்து ரப்பர்களில் ஈரம் இருந்தால் இரவில் உறைந்து, காலையில் கதவு திறக்காது. அதனால் உதட்டுக்குப் பூசுவது போல ஒரு தடித்த குச்சியால் ரப்பர் முழுவதும் பூசுவார். பல வருடங்களுக்குப் பிறகுதான் அதில் எழுதியிருந்ததை நான் வாசித்தேன். மான் கொழுப்பு. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, சந்தனப் பொட்டு வைத்த காருக்கு மான் கொழுப்பு.

“கோயிலுக்குள்ள காரைக் கொண்டு போறேல்லைத்தானே” என்றார் இவர். அதற்கு மேல் அந்த விசாரணை நடக்கவில்லை.

இவருடைய வேலையும் ஓட்டம்தான். ஒரு பெரிய களஞ்சியசாலையில் சாமான் தூக்கும் வண்டி ஓட்டினார். வேலை முடிந்து வந்தால் எங்கள் சனத்துக்கு ஓடுவார். விமான நிலையத்தில் யாரையாவது ஏற்ற வேண்டும், பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், டெர்மினுக்கு, அதாவது கந்தோரிலோ டொக்டரிடமோ குறித்த நேரத்துக்கு, கூட்டிப்போய் அங்கே ஜெர்மனும் கதைக்க வேண்டும் என்றால் முதலில் எங்கள் வீட்டுத் தொலைபேசிதான் அடிக்கும். நான் புறுபுறுப்பேன். ‘ஊருக்கு உபகாரி, வீட்டுக்கு விருந்தாளி’ என்பேன். இவர் கார்த் திறப்பைத் தூக்கிக்கொண்டு, “இந்தா வாறன்” என்று இறங்கிவிடுவார்.

போன ஒக்டோபரில் ஒரு காலை, பல் தீட்டிக்கொண்டிருந்தவரின் கையில் இருந்து பிரஷ் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனார், எடுக்க முடியவில்லை. பாரிசவாதம். வலது கையும் வலது காலும். ஆஸ்பத்திரியில் இரண்டு கிழமை, பிறகு பயிற்சி நிலையத்தில் ஐந்து கிழமை. நல்லகாலம், பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. டிசம்பரில் வீட்டுக்கு வந்தபோது கோப்பையைப் பிடித்துத் தேத்தண்ணீர் குடித்தார், காலைக் கொஞ்சம் இழுத்தாலும் படியில் தானாக ஏறினார். நான் சாமி அறையில் விழுந்து கும்பிட்டேன்.

நரம்பு டொக்டர் ஒன்றைத்தான் தடுத்தார். இப்போதைக்குக் கார் ஓடக்கூடாது. மார்ச் மாதம் ஓட்டுநர் பள்ளி ஆசிரியர் ஒருவரோடு ஒரு பரீட்சை ஓட்டம், அதில் சரி என்றால் பிறகு ஓடலாம். அந்த டெர்மினை எழுதிய கடதாசியை இவர் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டினார். அதைப் பார்த்துக்கொண்டுதான் மூன்று மாதமும் சாப்பிட்டார். களஞ்சிய வேலை முடிந்துவிட்டது என்பதை ஒரு மாதிரி விழுங்கிவிட்டார். கார் ஓட முடியாது என்பதை விழுங்க அவர் தயாராக இல்லை.

டொக்டரிடம் போன அன்று பக்கத்தில் நானும் இருந்தேன். கால் எப்படி, இரண்டு காலும் ஒரே மாதிரி உணர்கிறதா என்று அவர் கேட்க, இவர் “நல்லாயிருக்கு, நாளுக்கு நாள் நல்லாயிருக்கு” என்றார். விறைப்பு இருக்கிறதா என்று கேட்டால், “குளிருக்கு எல்லாருக்கும் விறைக்கும்தானே” என்றார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். அது எனக்கு அன்றைக்கே விளங்கியிருக்க வேண்டும். நானும் இவர் சொன்னதை நம்பத்தான் விரும்பினேன்.

ஆகவே அந்தக் குளிர்காலம் கார் என் தலையில் விழுந்தது. எனக்கு லைசென்ஸ் இருந்தது, கல்யாணச் சேலையை வைத்திருப்பது போல அலுமாரிக்குள். கடைக்குப் போய் வருவேன், அதற்கு மேல் ஓடிப் பழக்கமில்லை. நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். காலை வேலை. டிசம்பரில் கடும் உறைபனி விழுந்த அன்று முன்கண்ணாடி முழுக்கப் பனி இறுகிக் கிடந்தது. சுரண்டச் சுரண்டப் போகவில்லை. எனக்கு நேரம் போகிறது, பொறுமையும் போகிறது. மேலே ஓடிப் போய் ஒரு சட்டி சுடுதண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. கண்ணாடி இந்தக் கரையில் இருந்து அந்தக் கரை வரை வெடித்தது. உறைந்த கண்ணாடியில் சுடுதண்ணீர் ஊற்றக்கூடாது என்று யாழ்ப்பாணத்தில் பிறந்தவளுக்கு எப்படித் தெரியும்? நிமிர்ந்து பார்த்தால் மூன்றாம் மாடி யன்னலில் இவர் நிற்கிறார். பார்த்துக்கொண்டே நின்றார். பின்னேரம் வந்தபோது ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆனால் ஒன்று செய்தார், அதுதான் எனக்கு விசரைக் கிளப்பியது. இவர் ஆறடிக்கு ஒரு விரல்கடை குறைவு. நான் ஐந்தடி. நான் ஓடுவதென்றால் சாரதி சீற்றை முன்னுக்கு இழுத்து, பின்பார்வைக் கண்ணாடியையும் சரிக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் பின்னேரம் இவர், “காரைப் பார்த்திட்டு வாறன்” என்று திறப்போடு கீழே போவார். காரைச் சுற்றி வருவார், ரப்பருக்குக் கொழுப்புப் பூசுவார். பிறகு சாரதி சீற்றில் ஏறி இருந்து, சீற்றைத் தன் அளவுக்குப் பின்னுக்குத் தள்ளி, கண்ணாடியையும் தன் கண்ணுக்கு ஏற்றபடி திருப்பிவிட்டு வருவார். காலையில் நான் ஏறினால் கால் எட்டாது, கண்ணாடியில் காரின் கூரைதான் தெரியும். குளிரில் விறைத்த கையோடு சீற்றுக்குக் கீழே தடவி இழுக்க வேண்டும். ஒவ்வொரு நாளும்.

ஒரு நாள் பொறுக்கவில்லை. “இஞ்சேருங்கோ, உந்தக் காரை ஓடுறது நானோ நீங்களோ?” என்று கேட்டேன்.

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டு, “மார்ச் மட்டுந்தானே. கார் என்ர அளவிலை இருக்கட்டும்” என்றார்.

டிரெஸ்டனில் படிக்கும் மகளிடம் தொலைபேசியில் சொல்லி அழுதேன். “அம்மா, சீற்றைத்தானே தள்ளுறார். ஓட விட்டிடாதேங்கோ” என்றாள் அவள். அவளுக்குத் தகப்பனைத் தெரியும்.

வெள்ளிக்கிழமைக் கழுவல் மட்டும் நிற்கவில்லை. நான் ஓட, இவர் பக்கத்தில் இருக்க, இரண்டு பேரும் போவோம். வரிசையில் நிற்கும்போது ஒவ்வொரு முறையும் கேட்பார்.

“உள்ளுக்கை போகேக்க நான் அதிலை இருக்கட்டோ?”

“எதிலை?”

“சாரதி சீற்றிலை. அதுக்குள்ள ஒருத்தரும் ஓடுறேல்லைத்தானே. மெஷின் இழுக்குது. சும்மா கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறதுதானே வேலை.”

“விசர்க் கதை கதையாதேங்கோ.”

அதோடு விட்டுவிடுவார். நானும் முன்னால் நிற்கிற காரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நான் கடுமையாகச் சொன்னேன் என்று எனக்கே தெரியும். இல்லாவிட்டால் இளகிவிடுவேன் என்ற பயம்.

பெப்ரவரியில் பக்கத்து நகரமான எஸனில் ஒரு செத்தவீடு. செத்தவர் இவருடைய கூட்டாளி. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதிகள் விடுதியில் ஒரே அறையில் மேல்கட்டிலும் கீழ்கட்டிலுமாகப் படுத்தவர்கள். முதல் நாள் பனி கொட்டியிருந்தது, றோட்டெல்லாம் உப்பும் சேறும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தேன். இவர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வெகுநேரம் அழுதார். அதை நான் தடுக்கவில்லை.

வெளியே வந்தபோது வயதான அக்கா ஒருவர் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். எத்தனையோ செத்தவீட்டுக்கும் கல்யாணவீட்டுக்கும் எங்கள் காரில் ஏறி வந்தவர், எங்கள் ஊரில்தான் இருக்கிறார்.

“தம்பி, போகேக்க என்னையும் ஏத்திக்கொண்டு போறியோ?” என்று கேட்டார் இவரிடம்.

“ஓம் அக்கா, வாங்கோ. ஆனால் நான் இப்ப ஓடுறேல்லை. இவதான் ஓடுறா.”

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். “அப்ப பரவாயில்லைத் தம்பி. ஏன் உங்களுக்குக் கரைச்சல், நான் ரெயினிலை போறன்” என்றார்.

என் ஓட்டத்தின் மேல் அக்காவுக்கு அவ்வளவு நம்பிக்கை. வேறொரு நாள் என்றால் நான் ஒரு மாதத்துக்கு அதைச் சொல்லிக் காட்டியிருப்பேன். அன்று இவருடைய முகத்தைப் பார்த்தேன், வாய் வரவில்லை. பனிக்குள் தடியை ஊன்றிக்கொண்டு அந்த அக்கா ஸ்டேஷன் பக்கம் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார். கார் இருந்தும் ஏற்றாமல் விடுகிறோமே என்பது போல.

திரும்பி வரும் வழியில் கழுவப் போனோம். கழுவும் இடத்தில் முன்னால் மூன்று கார். இவர் அன்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பேன், கேட்காதபடியால்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“வாங்கோ, இதிலை இருங்கோ” என்றேன்.

செய்தது பிழை. இப்போது எழுதும்போதும் அது பிழைதான். வாசலுக்கு இன்னும் பத்து மீட்டர், மனிதர் நடக்கும் வேகம், கியர் மாற்றத் தேவையில்லாத கார் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு பேரும் இறங்கி, உப்புச் சேற்றுக்குள்ளால் காரைச் சுற்றி வந்து இடம் மாறினோம். இவர் ஏறி இருந்தார். சீற்றை ஒரே தள்ளில் பின்னுக்கு விட்டார். கண்ணாடியைத் திருப்பினார். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், எந்தப் பயணத்துக்கும் முன் செய்வது போல. ஒக்டோபருக்குப் பிறகு அந்த முகத்தை நான் அன்றைக்குத்தான் கண்டேன். பிழையாவது மண்ணாவது என்று இருந்தது எனக்கு.

மஞ்சள் கோட்டுக்காரர் எங்கள் வெள்ளை உடுப்பைக் கண்டதும் குழாயை நிறுத்தி நெஞ்சில் கை வைத்தார். பிறகுதான் ஸ்டியரிங்கில் யார் என்று பார்த்தார். அவருக்கு முகம் எல்லாம் சிரிப்பு.

“ஷெஃப், சுகமாகிவிட்டதா?” என்று ஜெர்மனில் கேட்டார்.

இவர் யன்னலை இறக்கி, “எல்லாம் நல்லது” என்று அவருக்கு ஜெர்மனிலேயே பதில் சொன்னார்.

கார் மெதுவாக ஊர்ந்து பட்டையில் ஏறியது. இவர் நியூட்ரலில் விட்டார், இரண்டு கையையும் மடியில் வைத்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தாயா, இவ்வளவுதானே என்ற பார்வை. பட்டை இழுத்தது. நாலு மீட்டர் போயிருக்கும், கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது, எங்கேயோ மணி அடித்தது. சுற்றிக்கொண்டிருந்த தூரிகைகள் எல்லாம் அப்படியே நின்றன. நுரை மட்டும் கண்ணாடியில் வழிந்தது.

மஞ்சள் கோட்டுக்காரர் ஓடி வந்து யன்னலைத் தட்டினார். “ஷெஃப், பிரேக்கில் இருந்து காலை எடுங்கள்.”

“நான் பிரேக்கில் கால் வைக்கவில்லை” என்றார் இவர்.

அவர் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “பின்விளக்கு எரிகிறது, ஷெஃப்.”

“வைக்கவில்லை என்கிறேன். உங்கள் மெஷினைப் பாருங்கள்.” இவருக்குக் கோபம் வந்துவிட்டது. என்னைப் பார்த்துத் தமிழில், “நான் மிதிக்கேல்லை. இவன் என்ன கதைக்கிறான்?” என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். செத்தவீட்டுக்குப் போட்ட கறுப்புச் சப்பாத்து. அதன் ஓரத்தில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. அது பிரேக்கின் மேல் முழுப் பாரத்தோடும் இருந்தது.

“அப்பா, கால்” என்றேன். பிள்ளை பிறந்த பிறகு அவசரத்துக்கு நான் இவரை அப்படித்தான் கூப்பிடுவேன்.

இவர் கீழே பார்த்தார். தன் காலைப் பார்த்தார். கோபம் எல்லாம் முகத்தில் இருந்து வடிந்து போனது. காலை எடுக்கப் பார்த்தார் என்று நினைக்கிறேன், அது ஒருமுறை அசைந்துவிட்டுத் திரும்ப அங்கேயே இருந்தது. நான் குனிந்து இரண்டு கையாலும் அவருடைய கணுக்காலைப் பிடித்துத் தூக்கி, பக்கத்தில் வைத்தேன். பாரமாக இருந்தது. மணி நின்றது. பட்டை எங்களை இழுத்துக்கொண்டு போனது.

அதற்குப் பிறகு தூரிகைகள் வந்தன, இருட்டியது. நான் முருகனைக் கூப்பிடவில்லை. அந்தச் சத்தத்துக்குள் இவர், “எனக்குத் தெரியேல்லை” என்றார்.

“ஓம்.”

“உண்மையா, கால் அதிலை இருந்தது எனக்குத் தெரியேல்லை.”

“ஓம், தெரியும்” என்றேன். டொக்டரை ஏமாற்றினார் என்று இவ்வளவு நாளும் மனதின் ஒரு மூலையில் நினைத்திருந்தேன். அவர் தன்னைத்தான் ஏமாற்றிக்கொண்டிருந்தார். மூன்று மாதமும் படியில் ஏறும்போது, நடக்கும்போது எல்லாம் அந்தக் காலைக் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். நுரைக்குள் எனக்கு அழுகை வந்தது. நல்லவேளை, சத்தம் பெரிதாக இருந்தது.

காற்று ஊதி முடிந்து பச்சை விளக்கு எரிந்தது. வெளியே எடுத்தாக வேண்டும், பின்னால் அடுத்த கார் வந்துகொண்டிருக்கிறது. இறங்கி இடம் மாற நேரமில்லை. இவர் என்னைப் பார்த்தார்.

“நீ முன்னுக்குப் பார். நான் காலைப் பார்க்கிறன்” என்றார்.

அப்படித்தான் வெளியே வந்தோம். இவர் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டு பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். நான் ஸ்டியரிங்கில் ஒரு கை வைத்து, “நேர, நேர, இப்ப கொஞ்சம் வலப்பக்கம், காணும், நிப்பாட்டுங்கோ” என்று சொல்லிக்கொண்டு வந்தேன். தூசி உறிஞ்சும் குழாய்கள் நிற்கும் இடத்துக்குப் பதினைந்து மீட்டர் இருக்குமா? எனக்கு எஸனில் இருந்து வந்ததை விட அது தூரம்.

எஞ்சினை நிறுத்தினார். இறங்கி, ஒரு கையால் காரைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்து என் பக்கக் கதவைத் திறந்து நின்றார். நான் இறங்கினேன். இவர் ஏறி இருந்து, காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார்.

“கெதியா வா. முழுக வேணும், குளிருது” என்றார். நான் அந்தப் பக்கம் போய் ஏறி, சீற்றை முன்னுக்கு இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

முழுகி, விபூதி பூசி, ஒரு கோப்பை வெறுந்தேத்தண்ணீரோடு இருந்தார். திங்கட்கிழமை நான் வேலையால் வந்தபோது வீட்டு நடையில் நின்று தொலைபேசியில் ஓட்டுநர் பள்ளியோடு ஜெர்மனில் கதைத்துக்கொண்டிருந்தார். வேறு திகதி வேண்டாம், டெர்மினே வேண்டாம் என்றார். நன்றி என்றார். பிறகு டொக்டருக்கு அடித்து, காலில் உணர்வு இல்லை என்று ஒளிக்காமல் சொன்னார். குளிர்சாதனப் பெட்டியில் இருந்த கடதாசியை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். நான் சமைக்கிற சாட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அன்று பின்னேரமும் திறப்பை எடுத்துக்கொண்டு, “காரைப் பார்த்திட்டு வாறன்” என்றார். போகட்டும் என்று விட்டேன். வழக்கத்தை விட நேரம் எடுத்தது. மேலே வந்து கையைக் கழுவிவிட்டுப் படுத்தார்.

மறுநாள் காலை நல்ல குளிர். கதவு இழுத்தவுடன் திறந்தது, ரப்பரில் மான் கொழுப்பு மணத்தது. ஏறி இருந்து, வழக்கம் போலச் சீற்றுக்குக் கீழே கையை விட்டு ஒரு இழுவை இழுத்தேன். முழங்கால் இரண்டும் போய் முன்னால் அடிபட்டன. சீற் ஏற்கனவே முன்னுக்குத்தான் இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். பின்பார்வைக் கண்ணாடியில் கூரை தெரியவில்லை. பின்னால் நிற்கும் குப்பைத்தொட்டிகளும், சந்தியும், றோட்டும் அப்படியே என் கண்ணுக்கு நேராகத் தெரிந்தன.

இவ்வளவு நாளும் இதைத்தானே கேட்டுச் சண்டை பிடித்தேன். ஆனால் என்னால் காரை எடுக்க முடியவில்லை. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. வேலைக்கு நேரமாவதையும் பாராமல் மூன்று மாடியும் ஏறிப் போனேன். இவர் குசினியில் இடது கையால் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றார்.

“ஏன் சீற்றைப் பின்னுக்குத் தள்ளேல்லை?” என்று கேட்டேன். சண்டைக்கு வந்தவள் போலத்தான் கேட்டிருப்பேன்.

இவர் கோப்பையை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“ஓடுறது நீயெல்லோ” என்றார். “உன்ர அளவிலை இருக்கட்டும்.”